நிறம் மாறிய மீனும் நான் சொன்ன தீர்ப்பும்



பருப்பு வரத்து, எண்ணெய் விலை, வரிக் கணக்கு என்று எழுதிப் பழகிய நான் இந்த முறை மீனைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். குழம்பு மீன் அல்ல, கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற வண்ண மீன். "மளிகை மொத்த வியாபாரிக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். நம்முடைய சங்கத்துக்கு வந்த ஒரு புகாரில் நான் ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறு எனக்குக் கற்றுக் கொடுத்ததைச் சரக்கு வாங்கி விற்கிற எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் சங்கத்தின் சமரசக் குழுவுக்கு ஒரு புகார் வந்தது. புகார் கொடுத்தவர் சில்லறை மளிகைக் கடைக்காரர். எதிர்த்தரப்பு, கொளத்தூரில் வண்ண மீன் கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர் ஒருவர். வண்ண மீன் வளர்ப்புக்கும் மொத்த வியாபாரத்துக்கும் சென்னை கொளத்தூர் பெயர் பெற்ற இடம் என்பது உங்களுக்குத் தெரியும்.

பிளவர்ஹார்ன் என்ற மீனைப் பல கடைகளில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே தொட்டி வைத்து வளர்க்கிறார்கள். நெற்றியில் கொண்டை, உடம்பெல்லாம் முத்துப் புள்ளி, விலாவில் எழுத்துப் போலக் கருப்புத் தடம். வாஸ்துப்படி அது கடைக்குச் செல்வம் கொண்டு வரும் என்று நம்புகிறார்கள். புகார்தாரரும் அப்படித்தான் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு குட்டி மீன் வாங்கி வைத்தார். இரண்டு மாதத்துக்குள் முத்துப் புள்ளி மறைந்தது. உடம்பு கரிக்கட்டை போலக் கருத்தது. அந்த நேரம் பார்த்து அவருக்கு வியாபாரமும் படுத்துவிட்டது. "சாயம் ஏற்றிய மீனைத் தலையில் கட்டிவிட்டார். கடைக்கே தரித்திரம் பிடித்துவிட்டது" என்று புகார் எழுதிக் கொடுத்தார்.

குழுவில் மூவர் இருந்தோம். நான் தலைமை. மீன்கடைத் தம்பியைக் கூப்பிட்டு விசாரித்தேன். "அண்ணாச்சி, இது சாயம் இல்லை. அந்த இனத்தோட குணமே அப்படித்தான். ரெண்டு மூணு மாசம் பொறுத்தா கருப்பு உரிஞ்சு தங்கமா வரும்" என்றார் அவர். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "உடம்பு உரிவதற்கு மீன் என்ன பாம்பா? சாயப் பட்டாணி விற்கிறவனுக்கும் உனக்கும் என்ன வித்தியாசம்?" என்று பத்துப் பேர் முன்னிலையில் கேட்டுவிட்டேன். முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று தீர்ப்பும் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தார். மீனைத் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று மாதம் கழித்து உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போனேன். அவரே என்னைப் பார்த்துக் கடைக்குள் கூப்பிட்டார். தனித் தொட்டி ஒன்றில் தகதகவென்று பொன் நிறத்தில் ஒரு மீன். வலது பக்கத் துடுப்பில் ஒரு நரம்பு ஒடிந்திருந்தது. புகார் மனுவில் வாங்கியவர் தம் கையாலேயே எழுதிய அடையாளம் அது! வாரம் ஒன்றாகக் கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த படங்களையும் காட்டினார். தலையில் ஓர் இடத்தில் கருப்பு விட்டு, அது பரவி, திட்டுத் திட்டாகக் குறைந்து, கடைசியில் முழுவதும் போயிருந்தது.

"மூணு பேர் விலைக்குக் கேட்டாங்க அண்ணாச்சி. நீங்க ஒரு தடவை பார்த்த பிறகு கொடுக்கலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று கல்யாணச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். பள்ளிப் படிப்பு மட்டுமே படித்தவன் நான். எனக்குப் புரிந்த அளவில், நம் தொழில் பாஷையிலேயே சொல்கிறேன்.

நிறம் எங்கே இருக்கிறது?

மீனின் தோலில் நிறத்தைச் சுமக்கும் நுண்ணறைகள் பல வகை உண்டு. கருப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, வெள்ளி போல மின்னுவதற்கு ஒன்று. இவை அடுக்கடுக்காக இருப்பதால் மேல் அடுக்கில் கருப்பு நிறைந்திருந்தால் கீழே உள்ள மஞ்சளும் சிவப்பும் தெரியாது. கருப்பு குறைந்தால் அவை வெளியே தெரியும்.

பிறவி வழியில் திடீரென்று நேரும் பிசகைச் சடுதி மாற்றம் என்கிறார்கள். காட்டில் வாழும் மீனுக்குக் கருப்பும் பழுப்பும்தான் பாதுகாப்பு. இந்தப் பிசகினால் எப்போதாவது பொன் நிறத்திலோ வெள்ளையிலோ ஒன்று பிறக்கிறது. அதை மனிதன் எடுத்து, பெருக்கி, விற்கிறான். வண்ண மீன் வியாபாரத்தில் பெரும்பகுதி இப்படி வந்த சரக்குத்தான்.

அப்படியானால் அந்த அதிசய நிறம் மீன் சாகும்வரை நிற்குமா? இதற்கு ஒரே பதில் கிடையாது. பிசகு எந்த வகை என்பதைப் பொறுத்தது. இது தெரியாமல்தான் நான் தீர்ப்புச் சொன்னேன்.

மாறாத நிறம்

முதல் வகை, அல்பினோ என்று சொல்லும் வெளிறிய மீன். உடம்பு வெள்ளை அல்லது இளமஞ்சள், கண் சிவப்பு. கருப்புச் சாயத்தை உண்டாக்கும் பட்டறையே இதன் உடம்பில் வேலை செய்யாது. ஆகவே வயது ஏறினாலும் கருப்பு வராது. இதை வாங்குபவருக்கு நிறத்தைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம்.

ஆனால் குஞ்சு விஷயத்தில் கவனம் வேண்டும். ஒரே வகை அல்பினோ இரண்டைச் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் அல்பினோ. அல்பினோவையும் கலப்பில்லாத சாதாரண மீனையும் சேர்த்தால் குஞ்சுகள் எல்லாம் பார்வைக்குச் சாதாரணம். அந்தக் குஞ்சுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்தால் ஏறத்தாழ நாலில் ஒன்று மறுபடி வெள்ளையாக வரும். "ஜோடி கொடுத்தார், குஞ்சு வேறு நிறத்தில் வந்தது, ஏமாற்றிவிட்டார்" என்று வரும் புகார்களுக்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வயதோடு மாறும் நிறம்

இரண்டாவது வகையில்தான் நான் தடுக்கி விழுந்தேன். நம் வீடுகளில் இளநரை என்று சொல்கிறோம் அல்லவா? தாத்தாவுக்கு இருபத்தைந்து வயதில் நரைத்தது, பேரனுக்கும் அதே வயதில் நரைக்கிறது. நரைக்கும் குணம் பேரனுக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் தொட்டிலில் கிடந்தபோது முடி கருப்பாகத்தான் இருந்தது. குணம் பிறவியில் வரும், பலன் பின்னால் தெரியும்.

தங்கமீன் அப்படிப்பட்டதுதான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சீனாவில் குளங்களில் வளர்த்த கெண்டை வகையிலிருந்து வந்த மீன் அது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு பொன் நிறமாக இருக்காது. பாசி கலந்த பழுப்பாக இருக்கும். சில மாதங்களில் கருப்பு அறைகள் அழிந்து பொன் நிறம் வெளிவரும். வெதுவெதுப்பான நீரில் இது விரைவாக நடக்கும். சில குஞ்சுகள் கடைசிவரை பழுப்பாகவே நின்றுவிடும். சில, பொன் நிறத்தையும் இழந்து வெள்ளையாகிவிடும். கண் பிதுங்கிய கருப்புத் தங்கமீனை பிளாக் மூர் என்று விற்கிறார்கள். அதுவும் வயதாக ஆக வெண்கல நிறத்துக்கோ ஆரஞ்சுக்கோ போவது சகஜம். கருப்பு என்று வாங்கியவர் இரண்டாம் வருடம் சண்டைக்கு வந்தால் கடைக்காரர் என்ன செய்வார்?

என் வழக்கில் வந்த பிளவர்ஹார்ன் இயற்கையில் உள்ள மீன் அல்ல. 1990களில் மலேசியாவில் மத்திய அமெரிக்க மீன் இனங்களைக் கலந்து உருவாக்கியது. கலந்த இனங்களில் மைடாஸ் வகை மீன்கள் உண்டு. தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று வரம் கேட்ட கிரேக்கக் கதை அரசனின் பெயரைத்தான் அந்த மீனுக்கு வைத்திருக்கிறார்கள். நிகரகுவா நாட்டு ஏரிகளில் வாழும் இந்த மைடாஸ் மீன் பிறக்கும்போது எல்லாமே சாம்பல் கருப்பு. பெரும்பாலானவை அப்படியே இருக்கும். சொற்பமானவை மட்டும், சில மாதத்திலோ ஓரிரு வருடத்திலோ கருப்பு அறைகளை இழந்து பொன்னாகும். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதற்குக் காரணமான மரபணுவை 2022-இல் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஆக, என் முன்னால் நின்று அந்தத் தம்பி சொன்னது உலக ஆராய்ச்சி ஒப்புக்கொண்ட உண்மை. சிரித்தவன் நான்.

பிளவர்ஹார்னில் எல்லா மீனும் இப்படி உரிவதில்லை. உரியும் வம்சம் என்று தனியாக உண்டு. அதிலும் சில பாதியில் நின்றுவிடும். உரிவதற்கு முன் முழுவதும் கருத்துப் போவது அதன் வழக்கம்.

நாளைய நிறத்துக்கு விலை

ஜப்பானில் நீகாட்டா பகுதி நெல் விவசாயிகள் 19-ஆம் நூற்றாண்டில் கெண்டை மீனில் தோன்றிய நிறப் பிசகுகளைப் பெருக்கிக் கோய் மீனை உண்டாக்கினார்கள். 1914-இல் டோக்கியோ கண்காட்சியில் வைத்த பிறகு நாடு முழுவதும் பரவியது. கோய் மீனின் சிவப்பும் கருப்பும் பல வருடங்கள் வரை மாறிக்கொண்டே இருக்கும். சிறு வயதில் இருக்கும் கருப்பு மறையும், இல்லாத இடத்தில் புதிதாக எழும்பும், அழகான சிவப்பு உடைந்து போகும்.

அங்குள்ள வியாபாரிகள் இதை மறைப்பதில்லை. குஞ்சிலிருந்து பல முறை பொறுக்கிக் கழித்து, மிச்சம் நிற்பதை விற்கிறார்கள். வாங்குகிறவரும் இன்றைய நிறத்தோடு நாளைய நிறத்தையும் கணித்துத்தான் விலை பேசுகிறார். கணிப்புத் தப்பினால் அது வாங்கியவரின் கணக்கு. பச்சை மஞ்சளைக் கொல்லையில் பார்த்து விலை பேசுகிற வியாபாரிக்கு இது புதிதல்ல.

முன்னும் பின்னும் போகும் நிறம்

மூன்றாவது வகை விநோதமானது. சண்டை மீன் என்றும் ஃபைட்டர் என்றும் சொல்கிறோமே, அதன் தாயகம் தாய்லாந்து. 2019-இல் அதைத் தங்கள் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தார்கள். அதில் மார்பிள் என்ற ரகம் உண்டு. வெள்ளையில் நீலத் திட்டு, சிவப்புத் திட்டு என்று இறைத்தது போல இருக்கும். இன்று வெள்ளையாக இருக்கும் மீன் ஆறு மாதத்தில் நீலமாகலாம். நீலம் மறுபடி திட்டாகலாம். எப்போது நிற்கும் என்று வளர்ப்பவராலும் சொல்ல முடியாது.

மரபணுத் தொகுதிக்குள் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தாவும் துண்டுகள் உண்டு. அவைதான் இதற்குக் காரணம் என்று கருதுகிறார்கள். நிறத்துக்கான கட்டளைக்குள் அந்தத் துண்டு புகுந்தால் நிறம் நிற்கும், விலகினால் திரும்பும். இப்படித் தாவும் துண்டுகளை முதலில் கண்டவர் பார்பரா மெக்ளின்டாக் என்ற அமெரிக்க அம்மையார். எதில் கண்டார் தெரியுமா? நாம் மூட்டை மூட்டையாக விற்கும் மக்காச்சோளத்தில்! ஒரே கதிரில் சில மணிகளில் மட்டும் ஊதாப் புள்ளி இருப்பது ஏன் என்று ஆராயப் புகுந்து கண்டுபிடித்தார். பல காலம் அவர் சொன்னதை அநேகர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1983-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தெரிந்தவர் சொன்னதைத் தெரியாதவர்கள் தள்ளுவது பெரிய இடத்திலும் நடக்கிறது.

தீனியில் வரும் சிவப்பு

இனி சொல்வது பிறவிப் பிசகு அல்ல, ஆனாலும் வாங்குகிறவர் இதையும் அதையும் குழப்பிக்கொள்கிறார். மீன் தன் கருப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் வேண்டிய மூலப்பொருள் தீனியிலிருந்துதான் வரவேண்டும். அந்தப் பொருளின் குடும்பம் நமக்கு நன்றாகப் பழக்கம். மிளகாய் வற்றலின் சிவப்பும், செண்டுமல்லிப் பூவின் மஞ்சளும், கேரட்டின் நிறமும் அதே குடும்பம். முட்டைக் கரு மஞ்சளாக இருக்கக் கோழித் தீவனத்தில் செண்டுமல்லிச் சாறு சேர்க்கிறார்கள். அதுபோல இறால், சுருள்பாசி கலந்த தீனி போட்டால் மீனின் சிவப்பு எடுக்கும். மட்டமான தீனி போட்டால் சில மாதத்தில் மங்கும். வெளிச்சத்தில் கிடந்த வற்றல் வெளுத்துப் போனால் "விற்றவன் சாயம் போட்டான்" என்று நாம் சொல்வோமா?

பயந்தாலும், தண்ணீர் கெட்டாலும், நோய் கண்டாலும் மீன் வெளிறும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் நல்ல மீனே நிறம் குறைந்து காட்டும். நிறம் போய்விட்டது என்று கடைக்கு ஓடுவதற்கு முன் தண்ணீரைக் கவனிக்கச் சொல்லவேண்டும்.

ஏற்றிய சாயம்

சாயமே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. கண்ணாடி போல உடம்பு தெரியும் சிறு மீன்களுக்கு ஊசியால் பச்சை, ஊதாச் சாயம் குத்தி விற்கும் கொடுமை நடந்திருக்கிறது. அந்தச் சாயம் சில மாதத்தில் போய்விடும். குத்திய இடத்தில் நோயும் வரும். இது பருப்பில் மெட்டானில் மஞ்சள் கலப்பதற்குச் சமம். இப்படி விற்கிறவருக்காக நான் பரிந்து பேசமாட்டேன்.

ஒளிர்கிற நிறத்தில் வரும் இன்னொரு வகையையும் சிலர் சாயம் என்கிறார்கள். அது வேறு. வேறோர் உயிரின் ஒளிரும் மரபணுவைக் கருவிலேயே சேர்த்து உண்டாக்கியது. சிங்கப்பூர் ஆராய்ச்சிக் கூடத்தில் 1999-இல் தொடங்கி, 2003 முதல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. அந்த நிறம் ஆயுள் முழுவதும் நிற்கும், குஞ்சுக்கும் போகும்.

குற்றம் யார்மேல்?

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் என்னையே கேட்டுக்கொண்டேன். மாறும் சரக்கை விற்பது குற்றமா? புதுப்புளி செம்பழுப்பாக வருகிறது, அடுத்த வருடம் கருக்கிறது. வெல்லம் மழைக்காலத்தில் கசிந்து நிறம் மாறுகிறது. யாரும் நம்மைச் சாயக்காரன் என்று சொல்வதில்லை. ஏன்? வாங்குகிறவருக்கும் அது தெரியும். இரண்டு பக்கமும் தெரிந்திருந்தால் அது சரக்கின் குணம். ஒரு பக்கத்துக்கு மட்டும் தெரிந்து மற்றவருக்குத் தெரியாவிட்டால், உண்மைச் சரக்கே ஏமாற்றுப் போலத் தெரிகிறது.

அந்த வகையில் மீன்கடைத் தம்பியின் பேரிலும் ஒரு குறை உண்டு. "நல்ல கலர் வரும்" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார். "இடையில் கருக்கும், சில மாதம் ஆகும், சில மீன் முழுவதும் உரியாமலும் போகும்" என்று சொல்லியிருந்தால் புகாரே வந்திருக்காது. வாங்கியவரும் ஜோசியத்தை நம்பிய அளவுக்குத் தெருவைப் பார்க்கவில்லை. அவருக்கு வியாபாரம் குறைந்த அதே மாதம்தான் அந்தத் தெருமுனையில் குளிர்சாதன வசதியோடு பெரிய பல்பொருள் அங்காடி ஒன்று திறந்தார்கள். மீன் கருத்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ஆனால் மூவரிலும் பெரிய தவறு என்னுடையதுதான். சரக்கைத் தெரிந்தவர் ஒருவரைக் கேட்காமல் சரக்கைப் பற்றித் தீர்ப்புச் சொன்னேன். பருப்பு வழக்கு வந்தால் பருப்புத் தெரிந்தவரைக் கூப்பிடுகிற நான், மீன் என்றதும் என் கண்ணையே நம்பினேன். 6,500 ரூபாய் பெரிதல்ல. அந்த மீனை அவர் பிறகு அதைவிடக் கூடுதல் விலைக்கே விற்றார். பத்துப் பேர் முன்னால் நான் சொன்ன சொல்லுக்கு எந்த விலை கொடுத்து ஈடு செய்வது? அடுத்த பொதுக்குழுவில் எழுந்து நின்று, அதே பத்துப் பேரும் இருக்கும்போது, "தம்பி சொன்னது உண்மை, நான் சொன்னது தவறு" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இப்போது அவர் கடைப் பில்லில் மீன் வகை, நீளம், இன்றைய நிறம் எழுதி, "இந்த நிறம் மாறக்கூடியது" அல்லது "மாறாதது" என்று ஒரு வரி சேர்க்கிறார். விற்கும் அன்றே வாங்குபவரின் கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்கிறார். புகார் குறைந்திருப்பதாகச் சொன்னார். சமரசக் குழுவிலும், எந்தச் சரக்கைப் பற்றிய புகாரோ அந்தத் தொழிலில் உள்ள ஒருவரை உட்கார வைத்தே விசாரிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம்.

நம் கடைக்கும் இதே வழிதான். புளி கருக்கும், வற்றல் வெளுக்கும், வெல்லம் கசியும். எந்தச் சரக்கு எத்தனை நாளில் எப்படி மாறும் என்பது நமக்குத் தெரியும். புதிதாகக் குடித்தனம் வைத்த பெண்பிள்ளைக்குத் தெரியாது. கேட்காவிட்டாலும் நாமே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவோம். அந்த ஒரு வார்த்தைக்குச் செலவு ஒன்றும் இல்லை.